கொலோனோஸ்கோபிக்கு முன் குடல் சுத்தம்: எந்த மருந்து, யாருக்கு, எப்போது?

கொலோனோஸ்கோபி என்பது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை. குடலின் உட்சுவரில் தட்டையாகப் படர்ந்திருக்கும் பாலிப்புகள் (சதை வளர்ச்சிகள்), மலத்தின் மெல்லிய படலத்துக்கு அடியில்கூட மறைந்துவிடும். அதனால் மருத்துவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், குடல் சுத்தமாக இல்லையென்றால் பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். பேதி மருந்துகளை ஒப்பிடும்போது பலரும் சுவையையும் அளவையும் மட்டுமே பார்க்கிறார்கள். ஆனால், முதலில் பார்க்க வேண்டியது நோயாளியின் சிறுநீரகத்தையும் இதயத்தையும்தான்.

படி 1: உடல்நிலையைச் சொல்லுங்கள்

சிறுநீரகம், இதயம், கல்லீரல் தொடர்பான நோய்கள், தீராத மலச்சிக்கல், முன்பு ஒருமுறை சுத்தம் சரியாக அமையாமல் போனது ஆகிய அனைத்தையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கி ஒட்டும் தன்மையைக் கூட்டுவதால், அதைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, நீரிழிவு மருந்து, நீர் பிரிய வைக்கும் மாத்திரை ஆகியவற்றை நீங்களாக நிறுத்தவும் கூடாது, கேட்காமல் தொடரவும் கூடாது.

படி 2: மருந்துகளை ஒப்பிடுங்கள்

பாலிஎத்திலீன் கிளைக்கால் (சுருக்கமாக ‘பெக்’) உப்புகளுடன் சேர்ந்த கரைசலாக வருகிறது. பெரும்பாலும் உடலில் உறிஞ்சப்படாமல் தண்ணீரோடு அப்படியே வெளியேறுவதால், உடலின் நீரையும் உப்பையும் இது அதிகம் குலைப்பதில்லை. சிறுநீரகமோ இதயமோ பலவீனமானவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் இதையே தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் முழு அளவு 4 லிட்டர். உப்புக் கரிப்பும் உண்டு. குளிரவைத்து உறிஞ்சுகுழல் வழியாகக் குடித்தால் ஓரளவு எளிதாக இருக்கும். அஸ்கார்பிக் அமிலம் சேர்ந்த பெக் 2 லிட்டர்தான் என்றாலும், ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

சோடியம் பைக்கோசல்ஃபேட், மெக்னீசியம் சிட்ரேட் கலவை இரண்டு பொட்டலங்களாக வரும். ஒவ்வொன்றையும் சுமார் 150 மில்லி தண்ணீரில் கலக்கும்போது கோப்பை சூடாகும். பயப்பட வேண்டாம், ஆறியபின் குடிக்கலாம். குடிக்கும் மருந்து குறைவுதான், ஆனால் அதன்பின் லிட்டர் கணக்கில் தெளிந்த திரவங்கள் அருந்தியாக வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடலாம் என்பதால், உப்புச்சத்துள்ள திரவங்களும் தேவை. கடுமையான சிறுநீரக நோய் இருந்தால் இது கூடாது. சல்ஃபேட் உப்புகள் கரைசலாகவும் மாத்திரையாகவும் கிடைக்கின்றன. அவற்றுக்கும் இதே எச்சரிக்கை பெருமளவு பொருந்தும்.

வாய்வழி சோடியம் பாஸ்பேட் மட்டும் எனக்கு உடன்பாடில்லாதது. பாஸ்பேட் படிகங்கள் சிறுநீரகத்தில் படிந்து அதைச் சேதப்படுத்தக்கூடும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008-லேயே கடுமையாக எச்சரித்துவிட்டது.

படி 3: நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மருந்தின் பெயரைவிடக் குடிக்கும் நேரமே பல சமயம் முடிவைத் தீர்மானிக்கிறது. முழுவதையும் முந்தைய இரவே குடித்துவிட்டால், விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தநீரும் சளியும் பெருங்குடலின் வலப்பக்கத்தில் மீண்டும் படிந்துவிடும். ஆகவே பாதியை முந்தைய மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு தொடங்கி, குறைந்தது 2 மணி நேரம் முன்பே முடியும்படியும் குடிக்க வேண்டும். அதற்காக அதிகாலையில் எழுவது சங்கடம்தான். இருந்தாலும் அதைத் தவிர்க்காதீர்கள். பிற்பகல் பரிசோதனை என்றால், முழுவதையும் அன்று காலையிலேயே குடிக்கச் சொல்வதும் உண்டு.

படி 4: குடித்துப் பாருங்கள், கவனியுங்கள்

முந்தைய நாள் விதை, கொட்டை, தோல் நீக்காத பழம், நார்ச்சத்து மிக்க உணவு வேண்டாம். சிவப்பு நிறப் பானங்கள் குடலில் ரத்தம்போல் தோன்றும் என்பதால் அவற்றையும் தவிருங்கள். பெக் கரைசலை 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை சுமார் 250 மில்லி வீதம் குடிக்கலாம். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்தி, பிறகு மெதுவாகத் தொடரலாம். வாந்தி நிற்காவிட்டாலோ, கடும் வயிற்றுவலியோ மயக்கமோ வந்தாலோ உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும்.

இறுதியில் வெளியேறுவது சிறுநீர்போல் தெளிந்த மஞ்சள் நீராக இருந்தால் குடல் தயார். பழுப்பு நிறமோ துணுக்குகளோ தெரிந்தால், புறப்படுவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். கூடுதல் மருந்து தருவதா, நேரத்தைத் தள்ளிவைப்பதா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.