கைக்குழி தளர்ந்ததும் நான் செய்த திருத்தமும்

பல ஆண்டுகளாக என் சுடிதார் டாப்புகளை ஒரே காகித வெட்டில்தான், அதாவது என் அளவுக்கு வெட்டி வைத்த காகித அச்சில்தான், தைத்து வருகிறேன். இந்தக் கோடைக்கு அதே வெட்டின் நீளத்தைக் குறைத்து, கையில்லாத பருத்தி டாப் ஒன்று தைக்க விரும்பினேன். துணி பிறகு சுருங்கிவிடாதிருக்க முதலில் நனைத்துக் காயவைத்துக்கொண்டேன்.

கையை விட்டுவிட்டால் போதும் என்று எண்ணியதுதான் பிழை. கை பொருத்துவதற்காக வெட்டிய குழி, கை இல்லாதபோது மிக ஆழமாகத் தெரியும் என்பதையும், முன்பக்கம் விலகி உள்ளாடை தெரியும் என்பதையும் பழைய துணியில் தைத்த மாதிரியை அணிந்த பிறகே உணர்ந்தேன்.

அணிந்தபடியே குழியின் முன்பக்கத்தில் தளர்ந்த துணியை மடித்துக் குண்டூசி குத்தி அளந்தபோது அரை அங்குலம் இருந்தது. காகிதத்தில் குழியிலிருந்து மார்பு முனைக்கு ஒரு கோடும், பக்கத் தையலிலிருந்து அதே முனைக்கு இன்னொரு கோடும் வரைந்து, முனையில் மயிரிழை மட்டும் ஒட்டியிருக்கும்படி இரண்டையும் வெட்டினேன். குழியில் அந்த அரை அங்குலத்தை மூடியதும் பக்கத்தில் இடைவெளி தானாக விரிந்தது. அதையே டார்ட்டாக்கி (முனை நோக்கிக் குறுகிச் செல்லும் மடிப்புத் தையல்), மார்பு முனைக்கு ஓர் அங்குலம் முன்பாகவே முடித்தேன். இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. முனை வரை தைத்தால் அங்கே கூம்பு போல் துருத்தி நிற்கும். அக்குள் புள்ளியையும் அரை அங்குலம் உயர்த்தினேன்.

ஓரத்துக்கு, துணியின் இழைக்கு 45 பாகைக் குறுக்கில் ஒன்றேகால் அங்குல அகலத்தில் வெட்டிய கிராஸ் பட்டியை வளைவில் மட்டும் சற்றே இழுத்துப் பிடித்துத் தைத்தேன். இப்போது கையைத் தூக்கினாலும் குழி உடலோடு படிந்து நிற்கிறது.