நோட் இழுத்தால் அறுந்துபோன டிஸ்டார்ஷன் பெடல்: என் அனுபவம்

கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல் இது: டி.எல்.072 ஐசி (சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சிப்), 9 வோல்ட் பேட்டரி. கம்பியைத் தட்டினால் ஒருமுறை பொரிந்து சத்தம் அறுந்துவிடும். ஐசியின் அவுட்புட்டான 1-ஆம் பின்னில், பேட்டரியின் பாதியான 4.5 வோல்ட் வர வேண்டும், மீட்டர் 7.8 காட்டியது.

ஃபீட்பேக் வந்து சேரும் 2-ஆம் பின்னிலிருந்து வரும் 4.7கே ரெசிஸ்டரை நேராகக் கிரவுண்டில் பற்றவைத்ததுதான் தவறு. அவுட்புட்டிலிருந்து அங்கே வரும் ஃபீட்பேக் ரெசிஸ்டர் 1 மெக்ஓம் என்பதால் 214 மடங்கு கெயின் (பெருக்கம்), ஒலிக்கு மட்டுமின்றி நிலையான டிசி வோல்டேஜுக்கும் கிடைத்து, அவுட்புட் உச்சத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த ரெசிஸ்டரோடு தொடராக 0.047 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் போட்டதும் டிசி தடைபட்டு, 1-ஆம் பின்னில் 4.5 வந்துவிட்டது. 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயின் குறைவதால் தடித்த கம்பிகளும் குழம்பவில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த பலன்.

சிக்னல் நுழையும் 3-ஆம் பின் 4.5-க்குப் பதில் 4.1 காட்டினால் பதற வேண்டாம். அதற்கு 4.5 வோல்ட் கொண்டுவரும் பயாஸ் ரெசிஸ்டர் 1 மெக். மீட்டரின் 10 மெக் உள்தடைதான் வோல்டேஜைக் கீழே இழுக்கிறது.

கிளிப்பிங்குக்கு (அலையின் உச்சியை வெட்டிக் கரகரப்பைத் தர), கப்ளிங் கெப்பாசிட்டரும் 10கே-யும் தாண்டி, எதிரெதிர்த் திசையில் இரண்டு 1என்4148 டயோடுகள்.