ட்ரெய்லரோடு மாநில எல்லை தாண்டும் முன் பார்க்க வேண்டியவை

கலிஃபோர்னியாவில் ட்ராவல் ட்ரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும், உள்ளே தங்கும் வசதியுள்ள வண்டி) வாங்கி, ஐ-40 நெடுஞ்சாலை பிடித்து கிராண்ட் கேன்யன் போய்வர நினைப்பவர்களுக்கு இது. கொக்கியில் மாட்டுவது, ரிவர்ஸ் எடுப்பது எல்லாம் யூட்யூபில் கொட்டிக் கிடக்கிறது. இங்கே பார்க்கப்போவது சட்டம் மட்டும்.

லைசென்ஸும் நம்பர் பிளேட்டும் உங்கள் மாநில விதிப்படி இருந்தால் மற்ற மாநிலங்களிலும் செல்லும். பிரேக், வேகம், லேன் விஷயம் அப்படியல்ல. சக்கரம் எந்த மாநிலத்து ரோட்டில் உருளுகிறதோ, அந்த மாநிலத்துச் சட்டம்தான்.

படி 1: ஸ்டிக்கர்

ட்ரெய்லரின் இடப்பக்கம், முன்பாதியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று ஓர் எண். சாமான்களோடு சேர்த்து அந்த வண்டிக்கு அனுமதித்த உச்ச எடை அது. கலிஃபோர்னியா லைசென்ஸ் கணக்குக்கு இந்த எண்தான். “உள்ளே காலிதான் சார்” என்பது எடுபடாது. 10,000 பவுண்டு வரை சாதாரண கிளாஸ் சி போதும். அதைத் தாண்டிய ட்ராவல் ட்ரெய்லருக்கு, வணிகம் சாராத கிளாஸ் ஏ வேண்டும்.

படி 2: பிரேக்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள், எல்லாம் அவரவர் மாநிலத்து எண். கலிஃபோர்னியாவில் தங்கும் வகை ட்ரெய்லர் 1,500 பவுண்டு இருந்தாலே அதற்குத் தனி பிரேக் வேண்டும். அரிசோனாவில் அந்த வரம்பு 3,000, டெக்சாஸில் 4,500. அரிசோனாவில் பிரேக் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த 2,500 பவுண்டு ட்ரெய்லரை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி இழுத்து வந்தால், கொலராடோ நதியைத் தாண்டியதுமே அது சட்டவிரோதம். ஆகவே வழியில் வரும் மாநிலங்களில் எது கெடுபிடியோ, அதற்கு ஏற்ற மாதிரி வண்டியைத் தயார் செய்துவிடுங்கள்.

பிரேக் இருந்தால் மட்டும் போதாது, ட்ரெய்லர் கழன்றுகொண்டால் அது தானாகப் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் ட்ரெய்லரின் முன்பக்கம் செருகியிருக்கும் ‘பின்’ (pin), அதோடு காருக்குப் போகும் மெல்லிய கம்பிவடம். ட்ரெய்லர் கழன்றால் வடம் பின்னை உருவிவிடும், ட்ரெய்லர் பேட்டரி பிரேக்கைப் பிடிக்க வைக்கும். சோதிப்பது சுலபம்: காரையும் ட்ரெய்லரையும் இணைக்கும் ஏழு முனை மின் பிளக்கைக் கழற்றுங்கள், பின்னை உருவுங்கள், காரை மெதுவாக முன்னே நகர்த்துங்கள். ட்ரெய்லர் சக்கரம் சுற்றாமல் முரண்டு பிடித்தால் சரி. உடனே பின்னைத் திரும்பச் செருகிவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரி காலி. அந்த வடத்தை, காரையும் ட்ரெய்லரையும் பிணைக்கும் பாதுகாப்புச் சங்கிலியில் மாட்டாதீர்கள். காரின் இரும்பு அடிச்சட்டத்தில் தனியாக மாட்டுங்கள். சங்கிலிகளை அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காகப் போடுங்கள்.

ட்ரெய்லர் பிரேக்கைக் காரிலிருந்து இயக்கும் கன்ட்ரோலர் வாங்கும்போது காசு பார்க்காதீர்கள். கார் எவ்வளவு வேகம் குறைகிறதோ அதற்கேற்பப் பிடிக்கும் வகைதான் நல்லது. என் ஓட்டு டெகோன்ஷா பி3-க்கு. நேரக் கணக்கில் இயங்கும் மலிவு வகை, நெரிசலில் வெட்டி வெட்டி இழுக்கும்.

படி 3: வேகம், லேன்

கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுத்தால் 55 மைல்தான், பக்கத்தில் எல்லோரும் 70-ல் பறந்தாலும். வலது ஓர லேன். ஒரு திசையில் நான்கு லேனுக்குக் குறையாமல் இருந்தால் அதற்கு அடுத்ததும். அரிசோனாவுக்குள் போனதும் 75 என்று பலகை தெரியும். தெரியட்டும். ட்ரெய்லர் டயர்கள் பல 65 மைலுக்கே செய்யப்பட்டவை. டயர் பக்கவாட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடும் ட்ராவல் ட்ரெய்லருக்குள் பிள்ளைகளைப் படுக்க வைக்கலாமா? கலிஃபோர்னியாவில் கூடாது. மற்ற ஊரிலும் வேண்டாம்.

பின்னால் சேர்த்தது

கிழக்குக் கரை நண்பர்கள் கேட்டதற்காக: பால்டிமோரின் இரண்டு துறைமுகச் சுரங்கப்பாதைகளிலும் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரொபேன் சிலிண்டரோடு போக முடியாது. ட்ரெய்லரில் இருப்பது பெரும்பாலும் 20, 30 பவுண்டு. முன்பு துறைமுகத்துக்கு மேலே போன கீ பாலம் கைகொடுத்தது. அது 2024 மார்ச் 26-ல் இடிந்து விழுந்துவிட்டதால், இப்போது ஊரைச் சுற்றும் ஐ-695 சாலையின் மேற்குப் பக்கமாகச் சுற்றுங்கள். நியூயார்க்கில் பார்க்வே எனப்படும் கார்களுக்கான சாலைகளில் ட்ரெய்லரே கூடாது. சாதாரண ஜி.பி.எஸ்.-க்கு இதெல்லாம் தெரியாது.

அப்புறம் நம்மவர்களுக்கு மட்டும் ஒன்று. கலிஃபோர்னியாவுக்குத் திரும்பும்போது எல்லையில் விவசாயச் சோதனைச் சாவடி உண்டு. ட்ரெய்லர் என்றால் உள்ளே எட்டிப் பார்க்கவும் கூடும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை நாசமாக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அரிசோனா அத்தை ஆசையாகக் கொடுத்த கறிவேப்பிலைக் கன்றை அங்கேயே அவரிடம் விட்டுவிட்டு வாருங்கள்.