சளி மாதிரி கொடுக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லை என்றால் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார்கள். "காலையில் சளி எடுத்துட்டு வாங்க" என்று டப்பாவைக் கையில் கொடுப்பதோடு பல நேரம் விளக்கம் முடிந்துவிடுகிறது. வீட்டுக்குப் போனவர் எச்சிலைத் துப்பி மூடி அனுப்புகிறார். கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வருகிறது. வீடே நிம்மதியாகிவிடுகிறது, நோய் மட்டும் நெஞ்சுக்குள் வளர்கிறது.

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றும் பெண்கள் பலர் "புகையிலைத் தூசி, அதான் இருமல்" என்று நாளைத் தள்ளிவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர் ஒருவழியாகப் பரிசோதனைக்கு வரும் நாளில், தவறான மாதிரியால் நோய் கண்ணில் படாமல் போகக் கூடாது.

எச்சிலைக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. எச்சில் தண்ணீராக, நுரையோடு இருக்கும். நெஞ்சுச் சளி கெட்டியாக, பெரும்பாலும் மஞ்சளாகவோ பச்சையாகவோ, கொழகொழவென்று இருக்கும். நுண்ணோக்கியில் தெரிய வேண்டும் என்றால் ஒரு மில்லி சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடிக் கண்டுபிடிக்கும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகளுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் வெறும் எச்சிலைக் கொடுத்தால் அவையும் கோட்டைவிடலாம்.

தொண்டையைக் காறித் துப்புவதும் போதாது. நேராக உட்கார்ந்து, மூச்சை ஆழமாக இழுத்து, சில நொடி நிறுத்தி, மெதுவாக விடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பிறகு, வயிறு உள்ளே இழுக்கும்படி பலமாக இருமுங்கள். மேலே ஏறி வரும் சளியை விழுங்காமல் டப்பாவில் விடுங்கள். நாலு பேர் எதிரில் துப்பக் கூச்சப்பட்டு விழுங்கிவிடுகிற அம்மாக்கள் நிறைய. அவர்களைக் கொஞ்சம் தனியாக விட்டுவிடுங்கள். 2 முதல் 5 மில்லி வேண்டும், அதாவது அரை டீஸ்பூனிலிருந்து ஒரு டீஸ்பூன் வரை. ஒரே இருமலில் வராது. வரும்வரை நிதானமாக முயலுங்கள்.

காலைச் சளி கேட்பதற்குக் காரணம், இரவு முழுக்க நெஞ்சில் தேங்கியது அப்போது வரும் என்பதுதான். டீ, டிபன் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் போதும். பேஸ்ட், மவுத்வாஷ் அப்புறம். வெற்றிலை பாக்கு போடும் பாட்டிகளிடம் இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

கதவு மூடிய அறையிலோ கழிவறையிலோ எடுக்காதீர்கள். இருமும்போது கிருமி காற்றில் கலந்து அங்கேயே நிற்கும். மொட்டை மாடி, தோட்டம் மாதிரி திறந்த இடம் நல்லது; பக்கத்தில் குழந்தைகள் இருக்கக் கூடாது. டப்பாவின் உட்புறத்தைத் தொடாமல், மூடியை இறுக்கித் திருகுங்கள். பெயர் டப்பாவின் மேல் இருக்கட்டும், மூடியில் வேண்டாம். பரிசோதனைக் கூடத்தில் மூடி தனியாகக் கழன்றால் யாருடையது என்று தெரியாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நம் வேலூர் வெயிலுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் டப்பாவை வண்டிப் பெட்டியில் போட்டு, நாலு வேலை முடித்து மதியம் கொண்டுபோனால், சூட்டில் மற்ற பாக்டீரியாக்கள் பெருகி, முக்கியமாகக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை கெட்டுப்போகும். காலையிலேயே கொடுத்துவிடுங்கள். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் இருப்பவர்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை அலைவதற்கு முன், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதிரி வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனை இலவசம்.

இன்னொன்று: மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை. அவற்றில் சில காசநோய்க் கிருமியையும் தற்காலிகமாக அடக்கி, பரிசோதனையை ஏமாற்றிவிடும். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சளியில் ரத்தக் கீற்று தெரிந்தால் பயந்து கொட்டிவிடாமல், அப்படியே கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.

எவ்வளவு முயன்றும் சளி வரவில்லை என்றால் எச்சிலை நிரப்பி அனுப்ப வேண்டாம். உப்புநீர் ஆவி கொடுத்துச் சளி வரவழைக்கும் வழி மருத்துவமனையில் இருக்கிறது. ரிப்போர்ட்டில் கிருமி இல்லை என்று வந்தும் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல் தொடர்ந்தால், மறுபடி போய் எக்ஸ்ரேயும் இன்னொரு சளிப் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள்.