சிங்கப்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையை வாடிக்கையாக்கிக்கொள்ளும் முறை

அந்நாளில் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டின் கிட்டங்கிகளில், அதாவது தொழிலும் தங்கலும் ஒன்றாக இருந்த கட்டடங்களில், வட்டித்தொழில் செய்த நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்), சமையலுக்கு ஆள் வைத்து அங்கேயே உண்டார்கள். இன்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, தங்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் ஒரு கடையை முதல் மாதத்திலேயே தேடிக்கொள்ளுங்கள். இந்தியக் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியா பகுதிக்கு ரயிலேறிப் போவது ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி. களைத்துத் திரும்பும் வேலைநாள் இரவுகளுக்கு அது உதவாது.

பெயர்ப்பலகையில் செட்டிநாடு என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பல இடங்களில் அந்தப் பெயரில் வருவது வெறும் மிளகாய்க் காரம். நம் வீட்டுச் சமையலின் சிறப்போ மிளகு, சோம்பு, பட்டை, கல்பாசி, மராட்டி மொக்கு ஆகியவற்றைப் பக்குவமாக வறுத்து, அப்போதைக்கப்போது அரைத்துச் சேர்ப்பதால் எழும் மணத்தில் இருக்கிறது. அதனால் முதல் நாள் கோழி வறுவல் கேட்காதீர்கள். எண்ணெயும் மசாலாப் பொடியும் அதில் எந்தக் குறையையும் மூடிவிடும். மீன் குழம்போ கத்திரிக்காய்ப் புளிக்குழம்போ வாங்கி, முதலில் வெறும் சோற்றில் பிசைந்து பாருங்கள். புளியின் பச்சை வாடை போகக் கொதித்திருக்கிறதா, அரைத்த மசாலா குழம்போடு சேர்ந்து எண்ணெய் பிரிந்திருக்கிறதா என்பது இரண்டு கவளத்தில் தெரிந்துவிடும். குழம்பைப் பொறுமையாகக் கொதிக்கவிடும் கடையில் மற்றவையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

பக்கத்தில் இருப்பது பல சிறு கடைகள் ஒரே கூரையின் கீழ் இயங்கும் உணவங்காடி நிலையம் (ஹாக்கர் சென்டர்) என்றால், நீங்களே கடைக்குச் சென்று வாங்கி வர வேண்டும். காப்பி, தேநீருக்குப் பெரும்பாலும் தனிக்கடை இருக்கும். மேசையில் டிஷ்யூ பொட்டலம் கிடந்தால், யாரோ இடம் பிடித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று பொருள். உண்ட தட்டைத் திருப்பி வைப்பது 2021 செப்டம்பர் முதல் சட்டப்படி கட்டாயமாகியுள்ளது. ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருப்பதைக் கவனித்து வையுங்கள். குளிரூட்டிய உணவகங்களில் வழக்கமாக 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும் என்பதால், 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சாப்பாடு ஏறத்தாழ 24 வெள்ளியாகிவிடும். தனியாக அன்பளிப்பு (டிப்ஸ்) வைக்கும் வழக்கம் அங்கு இல்லை.

நாள்தோறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் செல்லுங்கள். அலுவலகக் கூட்டம் மொய்க்கும் மதிய வேளையைத் தவிர்த்தால், பரிமாறுபவருக்கு உங்களோடு பேச நேரம் கிடைக்கும். அவர் திருவாரூர்க்காரராகவோ சிங்கப்பூரிலேயே பிறந்தவராகவோ இருக்கலாம். "அண்ணே, இன்னைக்கு எது சூடா இறக்குனது?" என்று கேட்டு, அவர் சொல்வதையே வாங்கி உண்ணுங்கள். நன்றாக இருந்தால், அதைச் சமைத்தவரிடமே மறக்காமல் சொல்லுங்கள். அடுப்படியில் நிற்பவருக்கு அந்தச் சொல் அரிதாகவே போய்ச் சேருகிறது. பழக்கம் ஏற்பட்ட பிறகு உப்புக் குறைத்த ரசத்தையோ மிளகு கூட்டிய வறுவலையோ தயங்காமல் கேட்கலாம். ஆனால் கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம் போல ஊறவைத்து அரைக்க வேண்டியவற்றை முந்தின நாளே சொல்லி, கூட்டமில்லாத வேலைநாளாகப் பார்த்து, கூடுதல் வேலைக்குரிய விலையையும் கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.