கல் வீட்டில் குரல் உதவியாளருக்குத் தனி மைக் அமைக்கும் முறை

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் கருங்கல் சுவரும் கிரானைட் தரையும் கொண்ட வீடுகள் பல உண்டு. இத்தகைய வீட்டில் குரல் உதவியாளரின் (பேச்சுக் கட்டளையைக் கேட்டு விளக்கு, விசிறி போன்றவற்றை இயக்கும் அமைப்பின்) மையக் கணினி இருக்கும் அறையிலேயே மைக்கும் இருந்தால், அடுத்த அறையிலிருந்து சொல்வது அதற்கு எட்டாது. ஆட்கள் புழங்கும் அறையில் ஒரு சிறு மைக் கருவியைத் தனியாக வைத்து, அது கேட்டதை வைஃபை வழியே மையக் கணினிக்கு அனுப்பச் செய்வதே இதற்கு வழி. வீட்டுச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் ஹோம் அசிஸ்டென்ட் என்னும் திறந்தமூல மென்பொருளை ஏற்கெனவே வீட்டில் இயக்கி வருபவர்களுக்காக அந்த முறையை எழுதுகிறேன்.

கருவி வாங்குவதற்கு முன்பே இடத்தை முடிவு செய்துவிடுங்கள். இந்த வேலையில் பாதிக்கு மேல் இடத்தைப் பொறுத்தது என்பது என் உறுதியான கருத்து. பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரு மடங்கானால் மைக்கை அடையும் ஒலி சுமார் 6 டெசிபெல் குறைகிறது. ஆனால் மின்விசிறியின் இரைச்சலும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அப்படியே இருக்கின்றன. அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ஓசை நீண்டு ஒலித்தால், கனமான திரைச்சீலை, பாய், துணி விரித்த கட்டில் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது அந்த அறையில் இருப்பது நல்லது. மைக்கை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில், சுவர் மூலையையும் அலமாரியின் உட்புறத்தையும் தவிர்த்து, மின்விசிறியின் காற்று நேராகப் படாதவாறு வைக்க வேண்டும். தொலைக்காட்சியின் ஸ்பீக்கருக்கு அருகில் வைத்தால், நாடகத்தில் வரும் வசனமும் கட்டளையாகக் கேட்கப்படும். சமையலறையில் மிக்ஸியும் அடுப்பும் இருக்கும் மேடையை விட்டு எதிர்ச் சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

கருவிகளில் ஹோம் அசிஸ்டென்ட் குழுவே 2024 டிசம்பரில் வெளியிட்ட வாய்ஸ் பிரிவியூ எடிஷன் என்னும் மைக் கருவியைப் பரிந்துரைக்கிறேன். இரண்டு மைக்குகளும் இரைச்சலையும் எதிரொலியையும் குறைக்கும் தனிச் சில்லும் இருப்பதால், கல் அறையில் இது ஒரே மைக் கொண்ட கருவியைவிட நன்றாகக் கேட்கிறது. எம்5ஸ்டாக் நிறுவனத்தின் ஆட்டம் எக்கோ விலை குறைந்தது; ஆனால் ஒரே மைக் கொண்டது என்பதால், படுக்கையை ஒட்டியோ மேசைமீதோ வைத்து அருகிலிருந்து பேசுவதற்கே அது பொருந்தும். இரண்டும் ஈஎஸ்பி32 வகைச் சில்லில் இயங்குவதால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். ரூட்டரில் அந்த அலைவரிசை அணைக்கப்பட்டிருந்தால் முதலில் அதை இயக்குங்கள். தடித்த கல் சுவரைத் தாண்டி அலை வலுவாக வருகிறதா என்பதை, கைபேசியை மைக் வைக்கும் இடத்திற்கே எடுத்துச் சென்று சோதித்து அறியலாம். தோட்டத்துக் கொட்டாயில் வைப்பதானால் அங்கே தனி வைஃபை நிலையம் இல்லாமல் ஆகாது.

வாய்ஸ் பிரிவியூ எடிஷனை இணைப்பது எளிது. கருவிக்கு 5 வோல்ட் யூஎஸ்பி மின்சாரம் கொடுத்து, கைபேசியில் புளூடூத்தை இயக்கி, ஹோம் அசிஸ்டென்ட் செயலியைத் திறந்தால் புதிய கருவி தென்படும். வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்து, திரையில் வரும் வழிகாட்டலைப் பின்பற்றுங்கள். கருவி எந்த அறையில் இருக்கிறது என்று கேட்கும்போது சரியான அறையைக் குறிப்பிட்டுவிடுங்கள். கட்டளை எந்த அறையிலிருந்து வந்தது என்பதை மையக் கணினி அதைக் கொண்டே அறிகிறது.

அடுத்தது தமிழ், நேரம் செல்வது இங்கேதான். கட்டளைக்கு முன் கருவியை விழிக்கச் செய்யும் 'எழுப்பும் சொல்', வாய்ஸ் பிரிவியூ எடிஷனில் கருவியிலேயே அடையாளம் காணப்படுகிறது. 'ஓகே நாபு' போன்ற ஆயத்தச் சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதன்பின் பேசுவதை எழுத்தாக்க விஸ்பர் என்னும் மென்பொருளை வீட்டுக் கணினியிலேயே நிறுவலாம்; பேச்சு வீட்டை விட்டு வெளியே போகாது என்பதால் நான் இதையே விரும்புகிறேன். விஸ்பருக்குத் தமிழ் தெரியும், ஆனால் சிறிதும் பெரிதுமாகக் கிடைக்கும் அதன் மொழி மாதிரிகளில் (மாடல்) மிகச் சிறியவை தமிழில் அதிகமாகத் தடுமாறுகின்றன. பெரிய மாதிரியை ராஸ்பெர்ரி பை 4 என்னும் கையடக்கக் கணினி தாங்காது என்பதால் பயன்படுத்திய மினி கணினி ஒன்றை மையமாக வைப்பது நலம்.

கட்டளைகளைப் பொறுத்தவரை, ஆயத்தமாக உள்ள தமிழ் வாக்கியங்களை மட்டும் நம்பாதீர்கள். ஹோம் அசிஸ்டென்ட்டின் ஆட்டோமேஷன் (தானியங்கிச் செயல்) பகுதியில் வாக்கியத்தைத் தூண்டுதலாக வைக்கும் வசதி உண்டு. அதில் வீட்டார் பேசுகிறபடியே எழுதுங்கள். 'கூடத்து லைட்டைப் போடு', 'கூடத்துல லைட் போடு', 'கூடத்து லைட் ஆன் பண்ணு' என மூன்று வடிவங்களையும் ஒரே ஆட்டோமேஷனில் சேர்க்கலாம். வீட்டில் ஒவ்வொருவரும் அவரவர் வழக்கப்படி சொல்லட்டும். வாய்ஸ் அசிஸ்டென்ட்ஸ் பக்கத்தின் டீபக் (பிழை காணும்) பகுதியைத் திறந்தால், மைக் கேட்டது எந்த எழுத்தாக மாறியது என்பது அப்படியே தெரியும். பேச்சில் 'லைட்ட' என்று வந்தது அங்கே அவ்வாறே பதிவாகியிருந்தால், அந்த வடிவத்தையும் சேர்த்துவிட வேண்டும். முதியவர்கள் நிறுத்தி நிதானமாகப் பேசும்போது கருவி பாதியிலேயே முடிந்துவிட்டதாக எண்ணினால், பேச்சு முடிவைக் கண்டறியும் அமைப்பைத் தளர்வான நிலைக்கு மாற்றுங்கள். அழைக்காமலே விழித்துக்கொண்டால், எழுப்பும் சொல்லுக்கான உணர்திறனை ஒரு படி குறைத்துக்கொள்ளலாம்.

குரல் உதவியாளர் அணுகக்கூடிய சாதனங்களைக் குறிக்கும் எக்ஸ்போஸ் பட்டியலில், குரலுக்குக் கட்டுப்பட வேண்டிய விளக்கு, விசிறி போன்றவற்றை மட்டும் வையுங்கள். போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டரை அதில் சேர்க்க வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். மும்முனை மின்சாரம் வந்த வேளையில் யாரேனும் குழாயிலோ கம்பியிலோ கை வைத்திருக்கக்கூடும். மைக் தவறாகக் கேட்ட ஒரு சொல்லால் மோட்டார் ஓடினால் விளைவு உயிருக்கே கேடாகலாம். மோட்டாரை நிறுத்துவதற்கு மட்டும் ஒரு தனி வாக்கியத்தை அமைத்துக்கொண்டு, இயக்குவதை நேரில் சென்று செய்வதே முறை. ஸ்டார்ட்டரில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பொருத்தும் வேலையையும் மின் பணியாளரிடமே ஒப்படையுங்கள்.

வாய்ஸ் பிரிவியூ எடிஷனின் பக்கவாட்டில் உள்ள சிறு சுவிட்ச் மைக்குக்கான மின்சாரத்தையே துண்டிக்கிறது. உறவினர் வரும்போதும் பணவிவரம் பேசும்போதும் அதைத் தள்ளிவிடும் வழக்கத்தை வீட்டில் அனைவருக்கும் சொல்லிக்கொடுங்கள். படுக்கையறையில் மைக் வைப்பதற்கு அங்கே உறங்குபவரின் சம்மதம் வேண்டும்.

மின்வெட்டைக் கருதி ரூட்டர், மையக் கணினி, மைக் மூன்றையும் இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்ப்பது அவசியம். ஒன்று விடுபட்டாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும். எல்லாம் முடிந்தபின் மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் ஒருமுறை அணைத்துப் போட்டு, யாரும் தொடாமலே மைக் தானாக மீண்டும் இணைகிறதா என்று பார்த்துவிடுங்கள். இணையாவிட்டால், ரூட்டரில் மையக் கணினிக்கும் மைக் கருவிக்கும் நிலையான ஐபி முகவரி (வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் எண்) ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கவனியுங்கள்.