எட்ஃபுவுக்கு விடியலிலேயே கிளம்புங்கள்
எகிப்தில் லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே நைல் நதிக் கப்பலில் செல்பவர்கள், எட்ஃபுவில் கரை சேர்ந்ததும் காலை உணவுக்காகக் காத்திருக்க வேண்டாம். பல கப்பல்கள் ஒரே வேளையில் வந்து நிற்கும். தாமதித்தால் பிறர் முதுகைத்தான் பார்க்க நேரிடும். அங்கே பார்க்க வேண்டியது, பருந்துத் தெய்வமான ஹோரஸுக்கு கி.மு. 237இல் கட்டத் தொடங்கிய கோயில். வாசலிலுள்ள கருங்கல் பருந்தோடு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே சென்று அண்ணாந்து பாருங்கள்: கூரையில் பழைய புகைக்கரி இன்னும் அப்பியிருக்கிறது. சிறிய டார்ச் கைகொடுக்கும்.

கப்பலிலிருந்து கோயிலுக்குக் குதிரை வண்டியா? போகவர வாடகையை ஏறும்முன் பேசிவிடுங்கள். சில்லறை நோட்டுகள் அவசியம்.

அதே வழியிலுள்ள கோம் ஓம்போ கோயிலுக்கு மாலை நேரமே அழகு. சாய்ந்த வெயிலில் செதுக்கல்கள் துலங்கும். பின்சுவரில் மருத்துவக் கருவிகளைத் தேடிப் பாருங்கள். பக்கத்திலேயே முதலை மம்மிகளின் அருங்காட்சியகமும் இருக்கிறது.